ஆவணமும் அறமும்

அறம், சட்டம், நீதி என்னும் மூன்று சொற்களும் ஒரு பொருளையே குறிக்குமா, மூன்று வேறு பொருள்களைக் குறிக்குமா என்னும் வினா அறிஞர்களால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. அதனை ஈண்டு மீட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணர் நூலறிஞர் எவரும் அல்லர். கொத்மலைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றின் மாணவன் ஒருவனே.

அப்பாடசாலைக்கு யாம் சென்றிருந்த நாளில், சைவநெறிப் பாட ஆசிரியர் தடுத்தாட்கொண்ட புராணத்தை வசன நடையிற் சொல்லிக்கொண்டிருந்தார். முதியவர் வேடங்கொண்டு வந்த இறைவன் மணப்பந்தரிலே நம்பியாரூரரைத் தம் அடிமை என்று கூறியதும், நம்பியின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டியதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அவ்வழக்கை ஆராய்ந்து தீர்த்ததும் ஆகிய வரலாற்றைப் பிள்ளைகள் ஆவலோடு கேட்டிருந்தனர். கதை முடிந்ததும் பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்து, "ஐயா, பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா?" என்றான். "கட்டும் என்றே சபையார் தீர்த்தனர்" என்றார் ஆசிரியர். "எங்கள் தாத்தா இந்த மலையிலேதான் பிறந்தார். அவருடைய தகப்பனார் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் இல்லை என்றுதான் அவருக்கு நாடு இல்லை என்று சொன்னார்களாம். அப்படிச் சொன்ன சட்டமும் சரிதானா, ஐயா?" என்று மாணவன் மேலுங் கேட்டான்.

ஆசிரியர் எம்மை நோக்கினார். யாமும் வாளாவிருந்தோம். அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றோம். ஆசிரியப் பெருமக்கள் இதனைத் தம் வகுப்பறை வினாவாகவே கருதி உடன் ஆராய்வாராக.

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், தம் உரைப்பாயிரத்திலே அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாக வகுத்தனர். ஒழுக்கமாவது தத்தமக்குரிய நெறியில் வழுவாது நிற்றல். வழக்காவது ஒரு பொருளை இருவர் தத்தமது என்று கூறி மாறுபட்டவழி, அம்மாறுபாட்டை ஆராய்ந்து தீர்த்தற்குரியது. தண்டமாவது இவ்விரண்டினும் வழீஇயினாரை ஒறுத்தல். பின்னிரண்டும் உலகநெறி நிலைபெறுதற்கு உதவுவனவே அன்றி, ஒழுக்கம்போல உயிர்க்கு உறுதி பயக்குஞ் சிறப்புடையன அல்ல என்பதும் அவர் கருத்து. இவ்வகுப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். இக்காலத்து நாம் சட்டம் என்று வழங்குவது வழக்கையும் தண்டத்தையும் பற்றி எழுதிவைத்த விதித்தொகுதியே. அஃது அறத்தின் கிளை, அறமே அன்று. அவ்விதி ஒரு மனிதன்மேற் செல்லும்போது கோடாது செல்லின் அது நீதி எனப்படும். சட்டம் அளவுகோல் என்றால், அக்கோல் கொண்டு பிழையாது அளத்தல் நீதி. கோல்தானே நேரியதா வளைந்ததா என்று காணும் கண் அறம். கோல் வளைந்திருப்பின் எத்துணை நுட்பமாக அளந்தாலும் அளவு பிழையாகவே முடியும்.

கோல் நேரியதா என்பதை எங்ஙனம் அறிவது? இதற்கு விடை மாணவன் கேட்ட புராணத்துள்ளேயே உளது. சேக்கிழார் பெருமான் காட்டும் அச்சபையின் நடையை ஆசிரியர்கள் ஒருமுறை நினைவு கூர்தல் நன்று. எங்கிருந்தோ வந்த முதியவர் ஒருவர், ஊரறிந்த மணமகனைத் தம் அடிமை என்கின்றார். மணமகனோ ஓலையைப் பற்றிக் கிழித்தெறிந்துவிட்டார். சபையார் முதியவரைப் பித்தர் என்று துரத்தவுமில்லை; முதியவர் என்று அவர் சொல்லை அவ்வாறே ஏற்கவுமில்லை. நீர் கூறுவது உலகில் இல்லாதது. ஆதலின் அதனை மெய்ப்பித்தல் உமது கடன் என்றனர். மெய்ப்பித்தற்கு மூன்று வழிகளையுங் காட்டினர். ஒன்று ஆட்சி, அஃதாவது நெடுங்கால அனுபவம். மற்றொன்று ஆவணம். இன்னொன்று அயலார் காட்சி, அஃதாவது அருகிலிருந்து அறிந்தாரது சாட்சி. முதியவர் மூல ஓலையை நீட்டியபின், அதிற் சான்றொப்பமிட்டாரையும் ஆராய்ந்து, பாட்டனாரது பிறிதோர் எழுத்தை வருவித்து ஒப்புநோக்கி, அதன் பின்னரே தீர்ப்புக் கூறினர்.

ஈண்டு இரண்டு நெறிகள் பெறப்படுகின்றன. பிறனுடைய உரிமையை மறுத்து அவனைத் தன் கீழ் அடக்க வருவோன் எவனோ, அவன்மேலதே சான்று காட்டும் கடன் என்பது ஒன்று. சான்றுக்குரிய வாயில் ஒன்றன்று, மூன்று என்பது மற்றொன்று. ஓலை உள்ளார் ஓலை காட்டலாம்; ஓலையில்லார்க்கு ஆட்சியும் அயலாரும் உண்டு. இறைவனே வழக்காளியாக வந்தவிடத்தும் சபையார் இந்நெறியினின்று வழுவவில்லை. இதனை உளங்கொண்டு கொத்மலைக்கு வருவோம்.

கம்பளையினின்று நுவரெலியா செல்லும் வீதியிலே புசல்லாவையை அடுத்துச் செல்வோர், கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடத்தலைக் காண்பர். மழை பொய்த்து நீர் வற்றுங் காலத்தில், அதனுள் மூழ்கிய கடதொரைப் பழைய விகாரையின் சிதைவுகள் வெளியே தோன்றும். மேலே தேயிலை, அதனிடையே தமிழர் வாழும் லயங்கள், கீழே நீருட் கிடக்குஞ் சிங்களக் கிராமங்கள். ஒருவரை ஒருவர் ஐயுற்று வாழும்படி வரலாறு பணித்த இவ்விரு சாராரும் ஒரே கோலால் அளக்கப்பட்டவர் என்பதைச் சிலரே நினைப்பர்.

முதலில் அளக்கப்பட்டவர் சிங்களக் குடியானவர். 1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரேறாத நிலமும், எதிர்மறுப்பு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியனவே எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. கண்டி மாகாணத்துச் சேனை நிலங்களும் அவ்வாறே. அரசன் அளித்த சன்னசு முதலியவற்றைக் காட்டினோர்க்கு, அல்லது வழமையான இறை செலுத்தியதை மெய்ப்பித்தோர்க்கு மட்டுமே விலக்கு. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டி, மாடு மேய்த்து, விறகெடுத்த குடியானவனிடம் ஓலை ஏது? அவனிடம் இருந்தது ஆட்சி. அவனுக்கு இருந்தவர் அயலார். இவ்விரண்டு வாயிலும் போதா என அடைக்கப்பட்டன. சான்று காட்டும் கடனும் இடம் மாறிற்று. நிலத்தை எடுக்க வந்த அரசு அதனைக் காட்ட வேண்டுவதில்லை. நிலத்திலிருந்தவனே காட்டல் வேண்டும். அங்ஙனம் முடிக்குரியதான மலைச்சாரல்கள் அக்காலத்தில் ஏக்கர் 5 சிலிங்கு விலைக்குக் கோப்பித் துரைமார்க்கு விற்கப்பட்டன.

அக்கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும், தமிழகத்துச் சிற்றூர்களினின்று கொண்டுவரப்பட்டோர் நம் தொழிலாளர். அவர்களையும் ஒரு தாள் கட்டியிருந்தது. துண்டு என்று பெயர் பெற்ற அத்தாளிலே, இன்ன தொகை கடனைச் செலுத்துவார்க்கு இக்கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுப்பார். அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. கடன் பெருகப் பெருக ஆளும் விலைப்பொருளாயினான். அக்காலத்து 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்த வேலையை விட்டு நீங்குதல் சிறையிடற்குரிய குற்றம். துண்டு முறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1921க்கு முன் அது சட்டத்துக்கு மாறானதன்று. ஆயினும் அறமாகவும் இருந்ததில்லை. அறம் சட்டத்தோடு பிறந்து சட்டத்தோடு இறப்பதாயின், 1920இல் நல்லதாயிருந்த ஒன்று 1922இல் தீயதானது எங்ஙனம்? தீமை முன்னரும் தீமையே. சட்டம் அதனைக் காணப் பிந்தியது என்பதே உண்மை.

இனி மாணவன் கேட்ட செய்திக்கு வருவோம். இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அந்நாளுக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவன் வம்சாவளியாற் பிரஜையாதற்கு, அவன் தந்தையாயினும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாயினும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். லயத்து அறையிலே மருத்துவச்சி கையிற் பிறந்து, கங்காணியின் பேரேட்டில் மட்டும் பெயர் ஏறிய ஒருவன் தன் தந்தையின் பிறப்பை எத்தாளாற் காட்டுவான்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வாயிலைத் திறப்பதுபோலத் தோன்றிற்று. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை மெய்ப்பித்தால் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆட்சி என்னும் வாயிலன்றோ இது என்று கேட்பார்க்கு, ஆம், பெயரளவில் ஆட்சியே என்போம். ஆனால் அவ்வாட்சியையும் ஆண்டு ஆண்டாகத் தாளாலே காட்டுமாறு கேட்டனர். ஏறத்தாழ 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின்பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவர். அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டம் பிரஜைகளுக்கே வாக்குரிமை என்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினாலே தலவாக்கலைக்குச் சி. வி. வேலுப்பிள்ளை முதலிய தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தனர். 1952இல் அவர்தம் காங்கிரசின் சார்பில் ஒருவரும் அங்கில்லை.

இங்கே ஒரு தடை எழும். யாவர் தன் குடிகள் என்று வரையறுத்தல் எந்நாட்டுக்கும் உரிய அதிகாரமன்றோ? தம் நிலமிழந்த மலைநாட்டுச் சிங்களவர், வாக்கும் இழந்துபோவோமோ என்று அஞ்சியது இயல்பன்றோ? இத்தடையைப் புறக்கணித்தல் நேர்மையன்று. அதிகாரம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. 1840இல் நேர்ந்த அநீதியின் வடுவே 1948இல் அச்சமாகப் பேசிற்று. ஆயின் அவ்வடுவைச் செய்தவர் நிலத்தை எடுத்த அரசும் வாங்கிய முதலாளியும். தண்டிக்கப்பட்டவர் அந்நிலத்திற் கூலிக்கு வியர்வை சிந்தியவர். ஓர் அநீதிக்கு ஈடாக மற்றோர் அநீதியைச் செய்தால், முன்னது தீர்வதில்லை, இரண்டாகின்றது.

அச்சட்டங்கள் நீதிமன்றத்தின் முன்னுஞ் சென்றன. அன்றைய அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு இல்லாத தடையைப் பிறிதொரு சமூகத்தார்மேல் விதிக்குஞ் சட்டம் செல்லாது என்றிருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு, வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்த்தல் குறித்து எழுந்த கோடக்கன்பிள்ளை வழக்கு, 1951இல் உயர்நீதிமன்றத்திலும் 1953இல் இலண்டன் கோமறைக் கழகத்திலும் தோல்வியுற்றது. இவை பிரஜாவுரிமை பற்றிய சட்டங்கள். ஒரு சமூகத்தாரைத் தடைப்படுத்த இயற்றியவை என்று கொள்ளலாகாது என்பது தீர்ப்பின் சாரம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது மெய்யே. ஆயினும், அந்நாளிற் கொத்மலைச் சிங்களக் குடியானவனையோ யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனையோ, உன் தந்தை பிறந்த பத்திரத்தைக் காட்டு என்று கேட்டிருந்தால், எத்தனைபேர் காட்டியிருப்பர்? அவர்களிடமும் இல்லை. அவர்களை எவரும் கேட்கவில்லை. சொல் யாவர்க்கும் பொது. கேள்வி ஒருவர்க்கே உரியது. கோல் வளையும் இடம் இதுவே.

இதனைக் காணும் கண் நமக்கு எங்கிருந்து வரும்? திருவாரூர் மனுவேந்தர் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். அரசன் மகன் கன்றின்மேல் தேரூர்ந்தமைக்கு மறைநூல்களிற் கழுவாய் உளது என்று அமைச்சர் கூறினர். அவர் கூறியது விதியே, பொய்யன்று. அரசன் அதனை ஏற்றிலன். ஓருயிரைக் கொன்றான் பிறன் மகனாயிருப்பின் கொல்லுதலும், தன் மகனாயிருப்பின் கழுவாய் தேடுதலும் முறையாகுமா என்பதே அவன் கேள்வி. அவ்வரலாற்றின் உயிர் தேர்க்காலில் இல்லை, இக்கேள்வியில் உளது. விதியைப் பிறர்மேற் செலுத்துவோன் தன்னை அப்பிறரிடத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். 1948இல் சட்டம் இயற்றினோர் தத்தம் தந்தையின் பிறப்புப் பத்திரத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைதூக்கியிருப்பின், அச்சட்டம் வேறாயிருக்கும்.

இக்கேள்வியை நம்மவரை நோக்கியும் எழுப்பாது விடல் தகாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வடபுலத் தமிழ்ப் பிரதிநிதிகளிலும் சிலர் ஆதரவளித்தனர். அதனைப் பொறாது பிரிந்த செல்வநாயகம் முதலியோர் அவ்வாண்டு டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். ஒரே மொழி பேசி, ஒரே திருநீறு அணிவார்க்குள்ளும் மலை வேறு, வடக்கு வேறு என்னும் எண்ணம் இருந்தமையை நாம் மறைத்தல் அறமன்று. அன்றியும், சட்டம் அறத்தின் பின்னே நடப்பதாகவே கூறிவந்தோம். நமது வழக்கத்துக்கு முன்னே அது நடந்த இடமும் உண்டு. சாதி பற்றிக் கோயில் வாயிலை அடைத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரத்திலே அடியவர்கள் வாயிலில் நின்று போராட நேர்ந்தது. அன்று தடுத்தோர் கூறியதும் வழக்கம் என்பதே. வழக்கம் என்பதும் எழுதாத சட்டமே. எழுதிய சட்டத்தை அறத்தால் அளக்கும் நாம் எழுதாத சட்டத்தையும் அதனாலேயே அளத்தல் வேண்டும்.

இங்ஙனங் கூறுதலால், சட்டம் பயனற்றது என்று மாணவர் கொள்ளாதபடி ஆசிரியர் காத்தல் வேண்டும். சட்டம் இல்லாதவிடத்து வலியான் சொல்லே தீர்ப்பாகும். கொத்மலைக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியிலே 1937இல் தொழிலாளர் கூட்டமொன்றிற் பேசிய பிரேசுகேடில் என்னும் ஆங்கிலேய இளைஞரை, தோட்டத்துரைமார் வேண்டுகோட்கிணங்கி நாடுகடத்துமாறு தேசாதிபதி ஆணையிட்டார். உயர்நீதிமன்றமோ, அவ்வாணையிடத் தேசாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று அவரை விடுவித்தது. தேசாதிபதியையும் ஒரு விதியின்கீழ் நிறுத்தக்கூடியது சட்டமே அன்றி வேறன்று.

நாடற்றோர் துயரைத் தீர்த்ததும் ஈற்றில் சட்டமே. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாத்திரியாரும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரவரை எண்ணி, 5 இலட்சத்து 25 ஆயிரவர் இந்தியாவுக்கு, 3 இலட்சவர் இலங்கைக்கு எனப் பகுத்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரவரை 1974இல் செம்பாதியாகப் பங்கிட்டனர். மக்களை நெல்லளப்பதுபோல் அளந்த அவ்வொப்பந்தங்களால் உடன்பிறந்தார் பிரிந்தனர். இம்மலையிற் பிறந்தோர் பலர் நீலகிரி முதலிய இடங்களிற் புதுக்குடி புகுந்தனர். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சினோர் குறையைப் பெரிதுந் தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. பாட்டன் பிறந்த தாளைக் கேளாது வாழ்ந்த வாழ்வைக் கேட்டமையால், திருவெண்ணெய்நல்லூர்ச் சபை திறந்துவைத்த ஆட்சி என்னும் வாயில் மீட்டுந் திறந்தது. அதற்கு 55 ஆண்டு சென்றது. அவ்வாண்டுகளுள் முதுமையுற்று இறந்தோர்க்கு அது பயன்படவில்லை என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பிந்திய நீதி நீதியே ஆயினும், பிந்தியதற்கு ஒருவர் விலை கொடுத்தே இருப்பர்.

கொத்மலைப் பள்ளத்தாக்கின் சிங்களக் கிராமத்தாரும் இரண்டாம் முறை அளக்கப்பட்டனர். மகாவலித் திட்டத்தின்கீழ் 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த அணையினால், ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வயலும் விகாரையும் முன்னோர் புதைகுழியும் விட்டு எழுந்தன. சிலர் மகாவலியின் கீழ்ப்புறக் குடியேற்றங்களுக்கும், சிலர் அருகிலுள்ள தேயிலை நிலங்களுக்கும் சென்றனர். சட்டம் நிலத்துக்கு ஈடு கொடுக்கும்; உறுதியில் எழுதப்படாத இழப்பை அதனால் அளக்க இயலாது. தேயிலை நிலத்தில் அவர்க்கு இடம் வகுத்தபோது, அந்நிலத்தையே நம்பியிருந்த தொழிலாளன் கையில் அதற்கும் ஓருறுதி இல்லை. லயத்து அறையிலே நான்கு தலைமுறை பிறந்திறந்தும், அவ்வறை அவர்தமதன்று. 7 பேர்ச்சு நிலமும் அதற்கோர் உறுதியும் என்னும் கோரிக்கை எழுந்தது இதனாலேயே. வீடு கட்டிக் கொடுத்தும் உறுதி கொடாவிடின், ஆட்சி உண்டு, ஆவணம் இல்லை என்னும் பழைய குறை தொடர்ந்தே நிற்கும்.

ஆசிரியப் பெருமக்களே, இவற்றையெல்லாம் நாம் வரலாறாக மட்டும் கூறிவிட்டு அமைந்திருத்தற்கில்லை. இவ்வினாவின் ஒரு முனை உங்கள் மேசைமேலே கிடக்கின்றது. அது பாடசாலைச் சேர்வு இடாப்பு. பிறப்புப் பதிவிற் பிழை நேர்ந்த பிள்ளைக்கும், பிந்திப் பதிவுசெய்ய வேண்டிய பிள்ளைக்கும், இவ்விடாப்பின் ஒரு வரி சான்றாகின்றமையை நீங்கள் அறிவீர்கள். அடையாள அட்டைக்கான மாணவர் விண்ணப்பமும் அதிபர் வாயிலாகவே செல்லுகின்றது. யாம் பார்த்த பழைய இடாப்பொன்றிலே, அடுத்தடுத்துப் பதிந்த பிள்ளைகள் பலர்க்கும் பிறந்தநாள் சனவரி 1 என்றே இருந்தது. வயது தெரியாதவிடத்து எழுதுவோர்க்கு எளிதான நாள் அது. தந்தையின் பெயர் ஒரு வரியில் இராமசாமி, பிறிதொரு வரியில் ராமையா. எழுதியவர் தீங்கு கருதியவர் அல்லர். விரைந்து எழுதினர், அவ்வளவே. அவ்விரண்டெழுத்து வேறுபாட்டுக்காக அப்பிள்ளை பிற்காலத்தில் எத்தனை முறை கச்சேரிப் படி ஏறிற்றோ, நோட்டரிசுக்கு எவ்வளவு கூலி கொடுத்ததோ, அதன் ஒருநாட் பேர் எத்தனை முறை அறுந்ததோ!

சட்டப்படி நோக்கின், தாள் கொண்டுவராத பிள்ளையின் வரியை வெறுமையாக விடுதல் குற்றமன்று. அறம் அவ்வளவில் நில்லாது. தாயை அழைத்துக் கேள், லயத்து மூத்தாளைக் கேள், கிராம உத்தியோகத்தரிடம் ஒருமுறை சென்று வா என்று அது சொல்லும். ஆசிரியர் அங்ஙனஞ் செல்லும்போது, சேக்கிழார் காட்டிய அயலார் காட்சி என்னும் வாயிலிலே அவர் தாமே சாட்சியாக நிற்கின்றார். எழுத்தறியார்க்கு எழுத்தறிந்தோன் செய்யக்கூடிய அறங்களுள் இதனினும் பெரியது யாதென யாம் அறியோம். பொய் எழுதுமாறு கூறுகின்றோமல்லேம். மெய்யைத் தேடி எழுதுமாறே கூறுகின்றோம். பொய்ச்சான்று எத்துணை இரக்கத்தாற் பிறந்ததாயினும், நாளை மெய்ச்சான்றையும் ஐயுறச் செய்யும். ஆதலின் அது துணையாகத் தோன்றும் பகையாம்.

இனி அம்மாணவனுக்கு விடை கூறுவோம். தம்பி, பாட்டன் எழுதிய ஓலை நம்பியாரூரரைக் கட்டியது உண்மை. சபையார் உரிமை கோரி வந்தவரைச் சான்று காட்டச் சொன்னார்கள். காட்டியதை ஒளியாது ஆராய்ந்தார்கள். அதனால் அத்தீர்ப்பைத் தோற்றவரும் ஏற்றார். உன் தாத்தாவின் வழக்கிலே, அவருடைய உரிமையை எடுக்க வந்தவர் எச்சான்றும் காட்டவில்லை. இழக்க நின்றவரையே காட்டச் சொன்னார்கள். அவரிடம் இருந்த சான்று, இம்மலையிலே அவர் வாழ்ந்த வாழ்வு. அதனைச் சான்றென்று அன்றையச் சட்டம் ஏற்கவில்லை. அது சட்டமாயிருந்தது; நீதியாயிருக்கவில்லை. உன் தாத்தா நாடற்றவராயிருந்த நாளிலும் குற்றமுடையவராயிருந்ததில்லை. அதனை நீ தலைநிமிர்ந்து சொல்லலாம். அணையின்கீழ் மூழ்கிய கிராமத்துப் பிள்ளையின் முப்பாட்டனுக்கும் 1840இல் இதுவே நேர்ந்தது என்பதையும் அறிந்துகொள். நாளை நீ சட்டம் இயற்றும் இடத்திலோ, இடாப்பு எழுதும் இடத்திலோ அமர்வாயாயின், உன் முன் வெறுங்கையோடு நிற்பவனிடம் தாளைக் கேட்குமுன், அவன் எவ்வளவு காலம் இங்கே வாழ்ந்தான் என்றும், அவனை அறிந்த அயலார் யாவர் என்றும் கேள்.

இவ்விடையை அன்றே கூறாது விட்டமை எம் பிழை. மாணவர் இதனினும் நன்றாக வினாவுவர்; ஆசிரியர்கள் இதனினும் நன்றாக விடை கூறுவாராக. திருவருள் துணைநிற்க.